யானை வாகனமும் மூஞ்சூறு வாகனமும்

இரண்டு கார்களை ஒப்பிடுகிற பத்திரிகைக்காரர்கள் யோக்கியர்கள். ஒரே விலை, ஒரே அளவு, ஒரே காலத்து வண்டிகளாகப் பார்த்து எடுத்து, எதில் டிக்கி பெரியது, எதில் ஏசி சீக்கிரம் குளிர்கிறது என்று நியாயமாக மார்க் போடுவார்கள். நமக்கு அந்த நியாயமெல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் புகாட்டி ராயல்: 1926-இல் தொடங்கி 1933 வரை பிரான்ஸில் உருவானது. நீளம் 6.4 மீட்டர், எடை 3 டன்னுக்கு மேல். மறுபக்கம் பீல் பி50: 1962-இல் மேன் தீவில் பிறந்தது. நீளம் 137 சென்டிமீட்டர், எடை 59 கிலோ. களத்தில் இறக்கிவிட்டு வேடிக்கை பார்ப்போம்.

முதலில் அளவுநாடா. ராயலின் இன்ஜின் மட்டும் ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளம். அதாவது, ராயலின் பானெட்டைத் திறந்து இன்ஜினை வெளியே எடுத்துவிட்டால், நீளத்தைப் பொறுத்தவரை அந்தப் பள்ளத்தில் பி50-ஐ முழுசாக, டிரைவரோடு சேர்த்து உட்கார வைக்கலாம். ராயலுக்கு 12.7 லிட்டர் இன்ஜின், எட்டு சிலிண்டர்; பி50-க்கு 49 சிசி, ஒரே சிலிண்டர். ராயலின் ஒரு சிலிண்டருக்குள் பி50-இன் இன்ஜின் 32 தடவை அடங்கும். இன்னொரு கணக்கும் உண்டு. அறுபதுகளில் தயாரான பி50-கள் மொத்தமே சுமார் 50. அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் அடுக்கி, மறு தட்டில் ஒரே ஒரு ராயலை வைத்தால், ராயல் பக்கம்தான் தாழும்.

ராயலின் ரேடியேட்டர் மூடிமேல் பின்னங்காலில் எழுந்து நிற்கிற ஒரு யானை பொம்மை இருக்கும். அதைச் செதுக்கியவர் எத்தோரே புகாட்டியின் தம்பி ரெம்பிராண்ட் புகாட்டி. விலங்குச் சிற்பங்களில் பெரிய கை. பி50-இன் தலையில் பொம்மை ஏதும் கிடையாது. வைத்திருந்தால் அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டி வந்திருக்கும்.

பிறந்த கதை

எத்தோரே புகாட்டி இத்தாலியின் மிலான் நகரத்துக்காரர். ஃபர்னிச்சர் வடிவமைப்பதில் பேர்போன அப்பாவுக்குப் பிறந்து, 1909-இல் அல்சாஸ் பகுதியின் மோல்சைம் என்ற சிற்றூரில் கார் தொழிற்சாலை தொடங்கினார். தொடங்கியபோது அந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து பார்த்தால் பிரான்ஸில் இருந்தது. மனிதர் இருந்த இடத்தை விட்டு நகராமலே வெளிநாட்டில் செட்டில் ஆனவர். தொழிலாளர்கள் அவரை 'எஜமான்' என்றுதான் சொல்வார்கள். அவரும் அதற்கேற்ற தோரணையோடு வட்டத் தொப்பி வைத்துக்கொண்டு, குதிரைகள் வளர்த்துக்கொண்டு, பந்தயக் கார் செய்துகொண்டு ஜமீன்தார் மாதிரி வாழ்ந்தார். பிரேக் சரியில்லை என்று குறைசொன்ன ஒருவரிடம், என் வண்டிகளை ஓடுவதற்குச் செய்கிறேன், நிற்பதற்கு இல்லை என்று சொன்னாராம். இது வாய்வழிக் கதை. அவருடைய சுபாவத்துக்கு இப்படி ஒரு கதை பிறக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ராயல் பிறந்ததற்கும் ஒரு வாய்வழிக் கதை உண்டு. ஒரு விருந்தில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, பந்தயக் கார் வேண்டுமென்றால் உங்களிடம் வருவோம், உசத்தியான கார் வேண்டுமென்றால் ரோல்ஸ் ராய்ஸிடம்தான் போவோம் என்று சொல்லிவிட்டாராம். எஜமானுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாதாரண மனிதனாக இருந்தால் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் புலம்பியிருப்பான். இவர் வந்து உலகத்திலேயே பெரிய கார் ஒன்றுக்குப் படம் போட்டார். 25 வண்டிகள்தான் செய்வது, அரசர்களுக்கும் அந்த அந்தஸ்தில் உள்ளவர்களுக்கும் மட்டும் விற்பது என்று திட்டம். அரசனுக்கான வண்டி என்று முடிவு கட்டியவர், முதல் சேஸிஸ் தயாரானதும் அதன்மேல் மாட்டியது என்னவோ அமெரிக்க பேக்கார்டு கார் ஒன்றின் பாடியை. பட்டாபிஷேகத்துக்கு இரவல் வேட்டி.

எஜமான் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. அரசர்களின் தொழில் அப்போது படுத்துக்கொண்டிருந்தது. ரஷ்யாவின் ஜார், ஜெர்மனியின் கைசர், ஆஸ்திரியாவின் சக்கரவர்த்தி எல்லோரும் 1917, 1918-இலேயே கடையைக் கட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த ராஜாக்களும் நாளை நாற்காலி இருக்குமா என்று ராத்திரியில் எழுந்து தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, சேஸிஸுக்கு மட்டும் 30,000 டாலர், பாடி தனிக் கணக்கு என்று ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றைக்கு அமெரிக்காவில் ஒரு சாதாரண ஃபோர்டு 500 டாலர் சுமாருக்குக் கிடைத்தது. போதாக்குறைக்கு 1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்து, ராஜா இல்லாத ஊர்களில் ராஜா மாதிரி இருந்த கோடீஸ்வரர்களையும் சேர்த்து விழுங்கியது.

இனி மூஞ்சூறு. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கிறது மேன் தீவு. அங்கே பூனைக்கு வால் கிடையாது. மேங்க்ஸ் பூனை என்று அந்த இனத்துக்கே பெயர். தேச அளவில் வேகக் கட்டுப்பாடும் கிடையாது. ஊரைத் தாண்டிவிட்டால் எவ்வளவு வேகமாகவும் போகலாம். 1907 முதல் உலகத்து மோட்டார் சைக்கிள் வீரர்கள் எல்லோரும் வந்து உயிரைப் பணயம் வைத்துப் பறக்கிற டிடி பந்தயம் அங்கேதான் நடக்கிறது. இத்தனை வசதியுள்ள தீவில் கார் செய்யக் கிளம்பிய பீல் இன்ஜினியரிங் கம்பெனி, அதற்கு வைத்த உச்சவேகம் மணிக்கு 61 கிலோமீட்டர்.

கம்பெனியின் தலைவர் சிரில் கேனல். ஃபைபர்கிளாஸில் படகும், மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் மாட்டுகிற காற்றுமறைப்பும் செய்து விற்றுக்கொண்டிருந்தவர். படகுக்கும் பைக்குக்கும் நடுவில் ஏதாவது செய்யலாமே என்று தோன்றியிருக்க வேண்டும். பிரிட்டனில் அப்போது மூன்று சக்கர வண்டிக்கு வரி குறைவு, மோட்டார் சைக்கிள் லைசென்ஸிலேயே ஓட்டலாம். ஆகவே மூன்று சக்கரம். ஒரு பெரியவர், ஒரு கடைப் பை என்று கணக்குப் போட்டு, அதற்குமேல் அரை அங்குலம்கூட அதிகம் வைக்காமல் வார்த்து எடுத்தார். விலை 199 பவுண்டு. 1962-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் கண்காட்சிக்கு வைத்தார்கள். கார் கண்காட்சியில் இல்லை, மோட்டார் சைக்கிள் கண்காட்சியில்.

கேனலும் கவனிக்காத ஒரு விஷயம் இருந்தது. சின்னக் காருக்கு ஒரு பொற்காலம் வந்தது உண்மைதான். 1956-இல் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்க, பிரிட்டன் படையோடு போய் மூக்குடைபட்டுத் திரும்ப, பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. ஜனங்கள் முட்டை ஓடு மாதிரி இருந்த ஜெர்மன் குட்டிக் கார்களை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் முதலாளி லெனர்ட் லார்டுக்கு அதைப் பார்த்து வயிறு எரிந்தது. தெருவில் ஒரு குட்டிக் கார்கூட இருக்கக் கூடாது, ஒழுங்கான சின்னக் கார் ஒன்று செய்து அத்தனையையும் விரட்டு என்று அலெக் இசிகோனிஸிடம் சொன்னார். 1959-இல் மினி வந்தது. 3 மீட்டர் சொச்சம் நீளத்தில் நாலு பேர், நாலு சக்கரம், 500 பவுண்டுக்குள் விலை. இது நடந்து மூன்று வருஷம் கழித்து, பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கிற காலத்தில், பி50 சாவகாசமாக வந்து சேர்ந்தது.

ஒருவர் ராஜாக்கள் காலியான பிறகு ராஜாவுக்குக் கார் செய்தார். இன்னொருவர் பஞ்சம் தீர்ந்த பிறகு பஞ்சத்துக்குக் கார் செய்தார். இரண்டுமே ஆளைப் பார்க்காமல் அளவெடுத்துத் தைத்த சட்டை.

வசதிகள்

கியர்: ராயலுக்கு மூன்று, பி50-க்கும் மூன்று. ஆச்சரியமாக இருக்கிறதா? ராயலில் முதல் கியர் வண்டி நகர்வதற்கு. அதன் பிறகு இரண்டாவது கியரே ஏறக்குறைய எல்லாக் காரியத்தையும் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, அகலமான சாலையில் ஒய்யாரமாகப் போக. பி50-இல் மூன்று கியரையும் போட்டு முடித்த பிறகும் சைக்கிள்காரர் ஒருவர் முன்னால் போய்க்கொண்டிருப்பார், இறக்கமாக இருந்தால்.

கதவு: பி50-க்கு ஒன்று, இடப்பக்கம். வைப்பர் ஒன்று. முகப்பு விளக்கு ஒன்று. இதைப் பார்த்துச் சிரிப்பதற்குமுன் அர்மாண்ட் எஸ்டர்ஸ் வாங்கிய ராயலைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1932-இல் அவருக்குப் போன அந்த இரண்டு இருக்கை ராயலில் முகப்பு விளக்கே கிடையாது. நான் ராத்திரியில் கார் ஓட்டுவதில்லை, எனக்கெதற்கு விளக்கு என்று எஸ்டர்ஸ் சொல்லிவிட்டார். எத்தோரேயின் மகன் ழான் வரைந்த அந்த வடிவம், பார்த்தவர் மூச்சை நிறுத்துகிற அழகு. ஆனாலும் கணக்கு என்று வந்தால், முகப்பு விளக்குப் பிரிவில் பீல் 1, புகாட்டி 0. பிற்பாடு அந்தக் கார் கைமாறியபோது பாடியையே கழற்றிவிட்டு வேறு பாடி கட்டினார்கள். புது எஜமானர் இரவிலும் வெளியே போகிறவராக இருந்திருக்க வேண்டும்.

இருக்கை: ராயலில் ஆளைப் பொறுத்தது. எத்தோரே தனக்கென்று வைத்துக்கொண்ட 'கூபே நெப்போலியன்' காரில் பின்னால் உட்காருகிற கனவான்களுக்குப் பட்டும் கண்ணாடிக் கூரையும். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத் தலைக்குமேல் வானம். பி50-இல் இப்படிப்பட்ட வர்க்க பேதமே கிடையாது. முதலாளி, டிரைவர், கிளீனர் மூவரும் ஒரே ஆள். பக்கத்தில் கத்திரிக்காய்ப் பை.

ஸ்திரத்தன்மை: மேன் தீவின் கொடியில் ஒன்றோடொன்று பிணைந்த மூன்று கால்கள் இருக்கும். எப்படித் தூக்கி எறிந்தாலும் நின்றுவிடும் என்பது அந்தத் தீவின் லட்சிய வாசகம். மூன்று காலுக்குச் சொன்னதை மூன்று சக்கரத்துக்கும் பொருத்திப் பார்க்கிற ஆசையில் வளைவில் வேகமாகத் திருப்ப வேண்டாம். 59 கிலோ வண்டிக்குள் 70 கிலோ ஆசாமி உட்கார்ந்தால், எந்தப் பக்கம் சாய்வது என்பதை முடிவு செய்கிறவர் ஆசாமிதான்.

ராயலின் ஸ்திரத்தன்மைக்கு அதைச் செய்தவரே சாட்சி. 1931-இல் பாரிஸிலிருந்து அல்சாஸுக்கு முதல் ராயலைத் தானே ஓட்டிக்கொண்டு வந்த எத்தோரே, வழியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். யானைக்கும் அடி சறுக்கியது. வண்டி நொறுங்கியது, மனிதர் பிழைத்தார். ராயல் எவ்வளவு சொகுசான வண்டி என்பதற்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. துரதிருஷ்டம், விளம்பரத்துக்குக் காட்ட வண்டி மிச்சமில்லை.

வாங்கியவர்கள்

ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ ஒன்று வாங்கப்போகிறார் என்று பேச்சு இருந்தது. 1931 ஏப்ரலில் ஸ்பெயின் குடியரசாகிவிட, மன்னர் மூட்டைமுடிச்சோடு நாட்டை விட்டுக் கிளம்பினார். கார் ஆர்டர் போடுகிற மனநிலையில் அவர் இல்லை. அல்பேனியாவின் ஸோக், 1928-இல் தனக்குத்தானே முடிசூட்டிக்கொண்டவர், கையில் பணத்தோடு வந்து கேட்டதாகவும், அவர் சாப்பிடுகிற லட்சணம் சகிக்கவில்லை என்று எத்தோரே விற்க மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். இது நடந்ததோ இல்லையோ, இருந்த ஒரே கஸ்டமரையும் இலை முன்னால் வைத்துப் பரீட்சை பார்த்துத் திருப்பி அனுப்புகிற வியாபாரியைப் பற்றி வேறெப்படிக் கதை கட்டுவார்கள்?

கடைசியில் புதிதாக விற்றவை 3. வாங்கிய மூவரில் ஒருவர்கூட அரசர் இல்லை. ஒருவர் மேலே சொன்ன எஸ்டர்ஸ். ரெடிமேட் துணி வியாபாரி. ஒருவர் ஜெர்மனியின் நூரெம்பெர்க்கில் பிரசவம் பார்க்கிற டாக்டர் யோசெப் ஃபுக்ஸ். மற்றொருவர் இங்கிலாந்தின் கேப்டன் கத்பர்ட் ஃபாஸ்டர், பரம்பரைச் சொத்துக்காரர். ராஜா ராணி வருவார்கள் என்று பந்தல் போட்டுக் காத்திருந்தால், ஜவுளிக்கடைக்காரரும் பிரசவ டாக்டரும்தான் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள்.

பி50 விற்பனையிலும் இதே ஏமாற்றம்தான், அளவு மட்டும் சிறியது. மலிவான வண்டி என்றால் ஏழைகள் வாங்குவார்கள் என்று நினைப்பது கார் கம்பெனிகளுக்கு விடாமல் பிடிக்கிற நோய். பிரிட்டனில் ஏழை என்றால் பெண்டாட்டியும் இரண்டு குழந்தைகளும் இல்லாத ஏழை எங்கே கிடைப்பான்? அவன் 199 பவுண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். புது பி50 வாங்கினால் தான் மட்டும் போகலாம். அதே பணத்துக்கு ஒரு பழைய கார் வாங்கினால் மாமியாரையும் ஏற்றலாம். மாமியாரை ஏற்றாமல் போவதற்கு நியாயமான காரணம் சொல்லும் ஒரே கார் என்று விளம்பரம் செய்திருந்தால் ஒருவேளை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். கம்பெனியோ நடப்பதைவிடக் கிட்டத்தட்ட மலிவு என்றுதான் விளம்பரம் செய்தது. அப்படியா, அப்படியென்றால் நடந்தே போகிறேன் என்று ஜனம் முடிவெடுத்தது.

விற்காததை என்ன செய்வது?

இந்தச் சுற்றில் புகாட்டியை அடிக்க ஆளில்லை. 25 ராயலுக்கென்று திட்டம் போட்டுச் செய்த ராட்சச இன்ஜின்கள் கிடங்கில் தூங்கின. வேறு யாராக இருந்தாலும் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். எத்தோரே அவற்றை ரயிலில் மாட்டினார். ஒரே பெட்டிக்குள் நான்கு ராயல் இன்ஜின், ஓட்டுநர் கூரைக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்றில் உட்கார்ந்திருப்பார். 1933-இல் தண்டவாளத்துக்கு வந்த அந்த வண்டியில் பிரான்ஸின் குடியரசுத் தலைவர் அல்பேர் லெப்ரன் பயணம் செய்ததால் அந்த மாதிரிக்கே 'பிரசிடென்ஷியல்' என்று பெயர் வைத்தார்கள். 1934-இல் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சாதனையும் படைத்தது. அரசர்களுக்கென்று வார்த்த இன்ஜின் கடைசியில் ஒரு குடியரசின் தலைவரை இழுத்துக்கொண்டு போனது. பிற்பாடு டிக்கெட் எடுத்த எவரையும் இழுத்தது. அல்போன்சோ கேள்விப்பட்டிருந்தால் மனம் நொந்திருப்பார்.

இன்ஜின் இப்படித் தப்பித்தது. விற்காத முழுக் கார்கள் மூன்று இருந்தனவே? இரண்டாம் உலகப் போர் வந்து நாஜிகள் பிரான்ஸுக்குள் நுழைந்தபோது, பாரிஸுக்கு அருகில் எர்மனோன்வில்லில் இருந்த குடும்ப வீட்டில் மூன்றையும் நிறுத்தி, முன்னால் செங்கல் சுவர் எழுப்பி மறைத்தார்கள். ஆறரை மீட்டர் காரை ஒளித்து வைப்பதற்குச் சுவர் கட்டக் கொத்தனார் வேண்டும். பி50 இருந்திருந்தால் மேஜை விரிப்பைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டால் போதும்.

போர் முடிந்தது. 1947-இல் எத்தோரே காலமானார். கையில் காசில்லாத குடும்பத்திடம் அமெரிக்கப் பந்தயக்காரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் வந்தார். எத்தோரேயின் மகள் லெபே அவருக்கு இரண்டு ராயல்களைக் கொடுத்தார். பதிலுக்குக் கிடைத்தது கொஞ்சம் டாலரும், அன்றைய பிரான்ஸில் கண்ணால் பார்ப்பதே அரிதான அமெரிக்க ஃப்ரிட்ஜுகளும் என்று சொல்லப்படுகிறது. சிரிக்காதீர்கள். போர் முடிந்த ஐரோப்பாவில் பாலைக் கெடாமல் வைக்கிற பெட்டி, ராஜாவை ஏற்றுகிற பெட்டியைவிட உபயோகமானது.

டாக்டர் ஃபுக்ஸின் வண்டி கதை இன்னும் மோசம். ஜெர்மனியில் காற்று மாறத் தொடங்கியதும் டாக்டர் நாட்டை விட்டுக் கிளம்பி, சுற்றி அலைந்து நியூயார்க் வந்து சேர்ந்தார், காரும் வந்தது. ஒரு குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து இன்ஜின் பிளாக் விரிசல் விட்டது. அரசருக்கான கார் கடைசியில் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியைச் சேர்ந்த சார்லஸ் செய்ன் என்ற இன்ஜினியர் சுமார் 400 டாலருக்கு அதை வாங்கிப் பழுதுபார்த்து, பிறகு தானமாகக் கொடுத்தார். எங்கே? ஹென்றி ஃபோர்டு மியூசியத்துக்கு. ஜெனரல் மோட்டார்ஸ்காரர், புகாட்டி காரை, ஃபோர்டு வீட்டில் கொண்டுபோய் விட்டார். சம்பந்தி வீட்டுச் சீரை மூன்றாவது வீட்டுக்கு அனுப்புகிற கதை.

பின்னால் போவது எப்படி?

பி50-இல் ரிவர்ஸ் கியர் கிடையாது. வண்டியின் பின்புறம் ஒரு கைப்பிடி இருக்கும். இறங்கி, பிடித்து, சூட்கேஸ் மாதிரி இழுத்துத் திருப்பிவிட்டு மறுபடி ஏறிப் போக வேண்டும். 2007-இல் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சியில், ஆறடிக்கு மேல் வளர்ந்த ஜெரமி கிளார்க்சன் பி50-க்குள் தன்னை மடித்து நுழைத்துக்கொண்டு, லண்டன் தெருவில் ஓட்டிப்போய் அப்படியே பிபிசி கட்டடத்துக்குள்ளும் நுழைந்து, தாழ்வாரங்களில் சுற்றினார். லிஃப்டுக்குள் போவது சுலபமாக இருந்தது. வெளியே வருவதற்குத்தான் ரிவர்ஸ் தேவைப்பட்டது. சில நிமிட டெலிவிஷன், கம்பெனி கடை மூடி எத்தனையோ வருஷம் கழித்து, கண்காட்சியால் முடியாததைச் சாதித்தது. உலகமே பி50 என்ற பெயரைக் கற்றுக்கொண்டது. கின்னஸ் புத்தகத்திலும் உற்பத்திக்கு வந்த கார்களில் மிகச் சிறியது என்று இடம்.

ராயலுக்கு ரிவர்ஸ் உண்டு. ஆனால் அதை ரிவர்ஸ் எடுப்பதென்றால் பின்னால் யாராவது கையசைத்து, வா வா, நிறுத்து என்று குரல் கொடுக்க வேண்டும். முன்னால் இருக்கிற டிரைவருக்கு அந்தக் குரல் கேட்க வேண்டும்.

ரீசேல்

இங்கேதான் பழமொழி பலித்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். உயிரோடு இருந்தபோது யாரும் சீந்தாத ராயல், செத்த பிறகு சொத்தானது. அல்சாஸின் முலூஸ் நகரில் கம்பளி ஆலை நடத்திய ஷ்லும்ப் சகோதரர்கள் இரண்டு ராயல் உள்பட நூற்றுக்கணக்கான கார்களை யாருக்கும் தெரியாமல் ஆலைக்குள்ளேயே சேர்த்து வைத்திருந்தார்கள். ஆலை நொடித்தது. சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977-இல் சம்பளத்துக்கு வழியில்லாமல் உள்ளே புகுந்த தொழிலாளர்கள், விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்க, பளபளக்கிற கார்கள் தெருத் தெருவாக அடுக்கியிருப்பதைப் பார்த்து உறைந்து நின்றார்கள். கோபத்தில் ஒரு காரை வெளியே இழுத்து எரித்தார்கள். எது? ஒரு சின்ன ஆஸ்டின் 7. உலகம் முழுக்க வழக்கம் இதுதான்: யானை செய்த பாவத்துக்கு மூஞ்சூறு எரியும். இன்று அந்த இடம் தேசிய கார் மியூசியம். இரண்டு ராயல்களும் அங்கேயே நிற்கின்றன.

கன்னிங்ஹாம் வாங்கிப்போன ராயல்களில் ஒன்று 1987-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஏலத்துக்கு வந்து 55 லட்சம் பவுண்டுக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஒரு கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவு. இன்னொரு ராயலை 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவர் டோமினோஸ் பீட்சா நிறுவனர் டாம் மோனகன். ஜவுளி, பிரசவம், பீட்சா. அரசர் மட்டும் இன்னும் வரவில்லை.

பி50-உம் லேசுப்பட்டதில்லை. 199 பவுண்டு வண்டி 2016-இல் அமெரிக்க ஏலத்தில் 1,76,000 டாலருக்குப் போனது.

தீர்ப்பு

பழைய பேப்பர்காரர் முறையில் எடை போட்டுத் தீர்ப்பு சொல்வோம். 1987-இல் விற்ற ராயலின் விலையை மூன்று டன் சொச்சத்தால் வகுத்தால், கிலோ சுமார் 3,000 டாலர். 2016-இல் விற்ற பி50-இன் விலையை 59-ஆல் வகுத்தால், அதுவும் கிலோ சுமார் 3,000 டாலர். நடுவில் முப்பது வருஷத்து விலைவாசி ஓடியிருக்கிறது, அதெல்லாம் பொருளாதார நிபுணர்கள் கவலைப்பட வேண்டியது. அரசருக்கென்று ஒருவர் இழைத்து இழைத்துச் செய்த வண்டியும், கடைப் பைக்கென்று இன்னொருவர் சிக்கனமாக வார்த்த வண்டியும், அவர்கள் எதிர்பார்க்காத ஒரு மூன்றாம் ஆசாமியின் தராசில் கிலோ ஒரே விலைதான். அந்த மூன்றாம் ஆசாமிக்கு அவசரமாகப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. இரண்டு வண்டிக்கும் சரியான கஸ்டமர் அவன்தான். ஒரே குறை, செய்தவர்கள் கணக்கை மூடிய பிறகு வந்தான்.

எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: சொந்த வீடு இருந்தால் பி50 வாங்குங்கள், கூடத்தில் சோபா பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். வாடகை வீடாக இருந்தால் ராயல் வாங்குங்கள். காலி செய்துவிட்டு அதற்குள்ளேயே குடிபோய்விடலாம். ஹவுஸ் ஓனர் தொல்லையும் விட்டது.